முப்பதாம் நாளுக்குப் பின்



கோவிலில் துக்க மணி எழும்பியதும் ஊர் கைவேலையை நிறுத்திக் காதுகொடுக்கிறது. ‘யார் வீட்டில்?’ என்னும் கேள்வி தெருவெங்கும் செல்கிறது. சிறிது நேரத்திற்குள் அந்த வீட்டு முற்றம் நிறைந்துவிடுகிறது. பந்தலுக்குச் சொல்ல ஒருவர் போகிறார். பெட்டிக்கு அளவு கொடுக்க மற்றொருவர் போகிறார். கல்லறையில் இடம் பார்க்கக் கோவில்பிள்ளை புறப்படுகிறார். மரியாயின் சேனையார் செபமாலையைத் தொடங்குகின்றனர். வின்சென்ட் தே பவுல் சபையார், அன்றைய செலவுக்கு வீட்டில் வழி உண்டா என்பதை மூன்றாம் பேர் அறியாமல் கேட்டுக்கொள்கின்றனர். துக்க வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அண்டை வீட்டாரின் அடுப்புகளே அவ்வீட்டுக்கும் சேர்த்து எரிகின்றன.

இது நம் பங்குகளின் பெருமை. அடக்கத் திருப்பலி, கல்லறை மந்திரிப்பு, ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று திருச்சபையும் நம்மோடு கூடவே நடந்து வருகிறது. பழைய உரோமைத் திருப்பலி நூலில் மூன்றாம், ஏழாம், முப்பதாம் நாட்களுக்கென்றே திருப்பலி செபங்கள் இருந்தன. தம் மடத்தில் மரித்த துறவி ஒருவருக்காக முப்பது நாள் இடைவிடாது பலி ஒப்புக்கொடுக்குமாறு பெரிய கிரகோரியார் பணித்த வரலாற்றிலிருந்து ‘கிரகோரியார் பூசை’ என்னும் வழக்கமும் எழுந்தது.

ஆனால் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, உறவினர் உண்டு எழுந்து, வாடகைப் பாத்திரங்கள் வண்டியேறிய பிறகு அந்த வீட்டில் நடப்பது என்ன? அதுவரை கூட்டத்தின் நடுவே திகைத்து நின்ற துயரம் அன்றுதான் அவ்வீட்டில் குடியேறுகிறது. மாலையில் ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைத்துவிட்டுக் கை நின்றுபோகிறது. கொடியில் கிடந்த சட்டையை மடிப்பதா, அப்படியே விடுவதா என்று தெரிவதில்லை. குடும்பச் செபத்தில் அவர் சொல்லிவந்த மன்றாட்டு வந்ததும், அதை எடுத்துச் சொல்ல ஆளின்றி ஒரு மௌனம் விழுகிறது. அந்த நேரத்தில் முற்றத்தில் ஒருவரும் இல்லை. நாம் எல்லாரும் கடமை முடிந்ததென்று வீடு திரும்பிவிட்டோம்.

இழப்பைத் தாங்குவதில் விசுவாசத்தின் பங்கு என்ன என்பதையும், விசுவாசம் என்னும் பெயரால் நாம் துயருற்றோருக்குச் செய்துவிடும் தீங்கு என்ன என்பதையும் இந்த இதழில் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம்.

ஒரே முறையீடு, இரு மறுமொழிகள்

அருளப்பர் எழுதிய நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தைப் பலமுறை கேட்டிருக்கிறோம். யெருசலேமுக்கு ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் உள்ள பெத்தானியாவில் இலாசர் கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாட்கள் ஆயின. மார்த்தாள் எழுந்து வழியிலேயே ஆண்டவரை எதிர்கொள்கிறாள். மரியாள் வீட்டிலேயே அமர்ந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே சாவு. ஆயினும் ஒருத்தி நடக்கிறாள், ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். துயரம் எல்லாரையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை என்பதை நற்செய்தி இங்கே ஆரவாரமின்றிக் காட்டிவிடுகிறது.

சகோதரிகள் இருவரும் வெவ்வேறு வேளையில் அவரிடம் சொன்னது ஒரே முறையீடு: நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் சாகமாட்டானே என்பது. இறைவனைப் பார்த்து ‘எங்கே இருந்தீர்?’ என்று கேட்பது அவிசுவாசம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆண்டவரோ அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். அவளுக்கு அப்போது வேண்டியது பற்றிக்கொள்ள ஒரு வாக்கு. மரியாளிடம் அவர் போதனை எதுவும் செய்யவில்லை. அவள் அழுவதைக் கண்டார், உள்ளம் குமுறினார், எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார், அழுதார்.

இன்னும் சில நிமிடங்களில் இலாசரை எழுப்பப் போகிறவர் அவர். அதை அறிந்திருந்தும் அழுதார் என்றால், உயிர்த்தெழுதலை நம்புகிறவன் அழக்கூடாது என்னும் நம் பேச்சுக்கு இடம் எங்கே? சின்னப்பரும் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, நம்பிக்கையற்றவர்களைப்போல் துயருற வேண்டாம் என்றாரேயன்றி, துயருறவே வேண்டாம் என்று எழுதவில்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் அழுவாரோடு சேர்ந்து அழுமாறே கட்டளையிடுகிறார். சீராக் ஆகமமும் இறந்தவருக்காகக் கண்ணீர் சிந்தச் சொல்கிறது. அழுவோரை விட்டு ஒதுங்காதே என்றும் எச்சரிக்கிறது.

ஆறுதல் என்னும் பெயரால்

துக்க வீட்டுக்குள் நுழையும்போது எதையாவது சொல்லியாக வேண்டும் என்று நம் நா துடிக்கிறது. ‘தேவ சித்தம், அழாதே’ என்கிறோம். ‘நல்லவர்களைத்தான் ஆண்டவர் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்’ என்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், ‘இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களே’ என்கிறோம். மனைவியை இழந்து கூடத்தில் அமர்ந்திருக்கும் கணவனிடம், ‘ஆண்பிள்ளை அழலாமா?’ என்கிறோம். எல்லாம் நல்லெண்ணத்தில் பிறந்த சொற்களே. ஆனால் கேட்பவரின் உள்ளத்தில் அவை எப்படி விழுகின்றன? பிள்ளையைப் பறித்தவர் இறைவனே என்று அந்தத் தாய் கேட்கிறாள். நல்லவளாய் இருந்ததே குற்றமாயிற்றோ என்று அந்தக் கணவன் கேட்கிறான். பிறகு அவர்கள் கோவிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டால், விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று நாமே பேசிக்கொள்கிறோம்.

சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை என்று ஞான ஆகமம் தெளிவாய்ச் சொல்லுகிறது. தந்தையின் சித்தம் நிறைவேறுக என்னும் மன்றாட்டை ஆண்டவர் கெத்சமனியில் தம் சொந்தக் கலத்தைக் குறித்துத் தம் வாயாலேயே சொன்னார். அதை அவர் வேறொருவர் துயரத்தின்மீது தூக்கி வைக்கவில்லை. துயருற்றவர் தாமாகவே ஒருநாள் அச்சொல்லை வந்தடையக்கூடும். அதற்கு ஆண்டுகள் ஆகலாம். அவருக்காக அதை நாம் முதல் நாளே சொல்லிவிட முடியாது. நயீன் ஊர் வாசலில் விதவையிடம் அழாதே என்று சொன்னவர் பாடையைத் தொட்டு அவள் மகனை எழுப்பி அவளிடம் கொடுத்தார். கொடுக்க இயலாத நாம் அச்சொல்லைச் சொல்லத் தயங்குவதே முறை.

யோபுவின் நண்பர்கள் மூவரை நாம் குறைத்தே பேசுகிறோம். ஆனால் அவர்கள் ஒரு நற்செயல் செய்தார்கள். அவனுடைய துயரம் மிகப் பெரிதென்று கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அவனோடு அமர்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் கெடுதல் விளைந்தது. இறுதியில், தம்மைப்பற்றி யோபு பேசியதே சரி, நீங்கள் பேசியது சரியன்று என்று ஆண்டவர் அவர்களிடமே கூறிவிடுகிறார். முறையிட்டவன் பக்கமே இறைவன் நின்றார்!

அழுத புனிதர்கள்

மோனிக்கம்மாள் 387-ஆம் ஆண்டு, உரோமைக்கு அருகிலுள்ள ஓஸ்தியாவில், தம் 56-ஆம் வயதில் மரித்தார். மகன் அகுஸ்தீனுக்கு அப்போது வயது 33. தாய் நல்ல மரணம் அடைந்தார், ஆகவே அழுகை தகாது என்று எண்ணி அவர் கண்ணீரை வலிந்து அடக்கினார். வாய்விட்டு அழுத சிறுவன் அதேயோதாத்துவையும் உடனிருந்தோர் அமர்த்தினர். அடக்கத்தின்போதும் அவர் அழவில்லை. குளித்தால் பாரம் குறையும் என்று குளித்துப் பார்த்தார், குறையவில்லை. தூங்கி எழுந்த பின், தனிமையில், இறைவன் திருமுன் அவருடைய கண்ணீர் உடைந்து பெருகிற்று. இவை அனைத்தையும் பிற்காலத்தில் ஆயராக இருந்துகொண்டே அவர் எழுதி வைத்தார். தாய்க்காகச் சிறிது நேரம் அழுததை எவரேனும் பாவம் என்று எண்ணினால், நகையாமல் தமக்காக அழும்படி கேட்டுக்கொண்டார். திருச்சபையின் பெரும் வேதபாரகருக்கே மறைக்கத் தோன்றாத கண்ணீரை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

பிரான்சு நாட்டு அலான்சோன் நகரில் வாழ்ந்த லூயி மார்ட்டின், செலி கெரான் தம்பதியருக்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். நால்வர் சிறு வயதிலேயே மரித்தனர். கடைக்குட்டியே நாம் போற்றும் குழந்தை இயேசுவின் தெரசம்மாள். அந்தப் பிள்ளைகளைப் பெறாமலேயே இருந்திருந்தால் இத்துயரம் இல்லையே என்று செலியிடம் சொன்னவர்கள் உண்டு. அத்தகைய பேச்சைத் தம்மால் பொறுக்க முடியவில்லை என்று அவர் உறவினருக்குக் கடிதம் எழுதினார். செலி 1877-இல் மார்புப் புற்றுநோயால் மரித்தபோது தெரசுக்கு வயது நாலரை. அந்தக் கணவனையும் மனைவியையும் திருச்சபை 2015 அக்டோபர் 18 அன்று ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. நான்கு பிள்ளைகளின் கல்லறைகளைக் கண்ட இல்லறம் அது. அதைத்தான் திருச்சபை நம் குடும்பங்களுக்கு முன்மாதிரியாக எடுத்துக் காட்டுகிறது.

வெளியே சொல்ல முடியாத துயரங்கள்

ஊரறிய அழக்கூடிய துயரத்திற்காவது துணை உண்டு. தலையைக் குனிந்துகொண்டு அழ வேண்டிய துயரங்களும் நம் பங்குகளில் இருக்கின்றன.

ஞானஸ்நானம் பெறுமுன்பே மரித்த குழந்தையின் தாயை எண்ணுவோம். பெயர் இல்லை, படம் இல்லை, ஆண்டு நினைவும் இல்லை. ‘பிள்ளை எங்கே போயிற்றோ?’ என்ற அச்சத்தையும் பழைய தலைமுறைத் தாய்மார் முதுமை வரை சுமந்தனர். அவர்களில் சிலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வோம்: 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து அதற்குள் மரித்த குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு திருச்சபையின் அடக்கச் சடங்கை நடத்த இடம் தருகிறது. 2007-இல் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு, பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பரின் இசைவோடு வெளியிட்ட ஏட்டில், இக்குழந்தைகளின் மீட்பை நம்பி எதிர்நோக்குவதற்குத் தக்க ஆதாரங்கள் உண்டென்று விளக்கியுள்ளது. சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவரின் கையில்தான் அந்தப் பிள்ளையும் இருக்கிறது.

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரின் வீட்டுத் துயரம் இதனினும் கொடியது. இழப்பு ஒருபுறம், ஊராரின் பார்வை மறுபுறம், ‘நாம் கவனிக்காமல் போனோமோ?’ என்னும் நெஞ்சின் கேள்வி இவை இரண்டுக்கும் மேல். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, தெரிந்தே தம்மை மாய்த்துக்கொண்டவர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அடக்கம் மறுக்கப்படுவோர் வரிசையில் அவர்களைச் சேர்க்கவில்லை. உயிர் இறைவனுடையது, அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்னும் போதனை மாறவில்லை. ஆயினும் கடும் மனநோயும் அச்சமும் வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய நித்திய மீட்பைப்பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும், தாம் மட்டுமே அறிந்த வழிகளில் இறைவன் அவர்களை மனந்திருப்ப வல்லவர் என்றும் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. திருச்சபையே அவர்களுக்காகச் செபிக்கும்போது, அந்த வீட்டு வாசலைக் கடக்கையில் நாம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவது என்ன நியாயம்?

கல்லறை இல்லாத சாவும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். கிறிஸ்து பிறப்புக் குடில்கள் இன்னும் கலைக்கப்படாத அந்தக் காலையில் கடல் எழும்பி வந்து நாகப்பட்டினம் முதல் குளச்சல் வரை எத்தனையோ திருக்குடும்பங்களைக் கலைத்துப்போட்டது. பலர் ஒரே குழியில் சேர்த்து அடக்கம் செய்யப்பட்டனர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில், ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதி மீனவர் பலரின் உடலும் கரை சேரவில்லை. அந்த மனைவியர் எங்கே மெழுகுதிரி ஏற்றுவர்? ஏழாண்டு செய்தியில்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று நாட்டின் சட்டம் காலம் குறிக்கிறது. கதவோசை கேட்டு விழித்தெழும் உள்ளத்திற்கு அப்படி ஒரு கெடு இல்லை. உடல் கிடைக்காவிடினும் மரித்தோருக்கான திருப்பலி ஒப்புக்கொடுக்கத் தடையில்லை. தம் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தில் மட்டும் தம்மை நினையுங்கள் என்றே மோனிக்கம்மாளும் கேட்டுக்கொண்டார். கல்லறை இல்லாதவர்க்குப் பலிபீடம் இருக்கிறது.

வெள்ளைச் சேலையும் பின்வரிசையும்

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். கணவனை இழந்த பெண்ணை நம் கத்தோலிக்க வீடுகள் எப்படி நடத்துகின்றன? திருமண வீட்டில் மணமக்களுக்குச் சிலுவை இட முதலில் யாரை அழைக்கிறோம்? பெற்ற மகளின் திருமணத்திலேயே ஒரு தாய் தூணுக்குப் பின்னே ஒதுங்கி நிற்பதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுகிறோம். பூவும் வண்ணச் சேலையும் அவளுக்கு விலக்கப்பட்டதாகத் திருமறை எங்கும் கூறவில்லை. கூறுவது வேறு. அப்போஸ்தலர் காலத்திலேயே விதவையரின் அன்றாடப் பங்கு கவனிக்கப்படவில்லை என்னும் முறையீடு எழுந்தபோது, அதற்கென எழுவரைத் திருச்சபை நியமித்தது. விதவையரையும் அநாதைகளையும் அவர்கள் துன்பத்தில் சென்று காண்பதே மாசற்ற பக்தி என்று யாகப்பர் எழுதுகிறார். ஆண்டவரின் தாயே, சூசையப்பர் மரித்தபின் விதவையாய் வாழ்ந்தவர் என்பது திருச்சபையின் தொன்மையான எண்ணம். கானாவூர்த் திருமண வீட்டில் அவர் பின்வரிசையில் ஒதுங்கி நின்றிருந்தால், இரசம் தீர்ந்ததை யார் கண்டிருப்பார்?

நாம் செய்யத்தக்கவை

பெரிய காரியங்கள் வேண்டியதில்லை. இரண்டாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் ஒருமுறை போய் அமர்ந்து வருவோம். மரித்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுவோம்; அந்தப் பெயரைக் கேட்டால் அழுகை வருமே என்று அஞ்ச வேண்டாம். எவரும் சொல்லாமல் விட்டதே அவ்வீட்டாரின் பெருங்குறை. அவர்களுடைய திருமண நாள், மரித்த பிள்ளையின் பிறந்த நாள், அவர் இல்லாமல் வரும் முதல் கிறிஸ்மஸ் ஆகிய நாட்கள் துயரம் இரட்டிக்கும் நாட்கள். அன்று ஒரு வேளைச் சாப்பாட்டிற்கு அழைப்பது ஒரு பிரசங்கத்தை விட மேலானது.

அலுவலகக் காரியங்களில் கூடச் செல்வதும் இரக்கச் செயலே. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பின் வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, ஓய்வூதியம் என்று படியேற வேண்டிய வாசல்கள் பல. கணவன் இருந்தவரை வங்கிப் படியே ஏறாத பெண், ஒவ்வொரு மேசை முன்னும் அவர் இறந்துவிட்டார் என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விவரம் அறிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் அந்தச் சுமையில் பாதி இறங்கும். மனைவியை இழந்தவருக்கோ உலை வைக்கவும், பெண்பிள்ளைக்குத் தலை பின்னவும் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அன்பியக் கூட்டங்களில் இவற்றைப் பங்கிட்டுக்கொள்வது அரிதன்று.

இவற்றோடு செபம். மாண்ட தம் வீரருக்காக யூதா மக்கபே வெள்ளிக்காசு திரட்டி யெருசலேமுக்குப் பாவப்பலி செலுத்த அனுப்பினார் என்று மக்கபேயர் இரண்டாம் ஆகமம் கூறுகிறது. நவம்பர் 2-ஆம் நாள் மரித்தோர் நினைவை ஏறக்குறைய 998-இல் குளூனி மடத்து அதிபர் ஓதிலோ தம் மடங்களில் ஏற்படுத்தினார். முதல் உலகப்போரில் எண்ணற்றோர் மடிந்துகொண்டிருந்த 1915-இல், பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அந்நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி நிறைவேற்ற அனுமதி தந்தார். அன்பு கல்லறையில் முடிவதில்லை என்பதே இவற்றின் பொருள். மரித்தவருக்கு நாம் இன்னும் ஏதோ செய்ய முடிகிறது என்னும் நம்பிக்கை, இருப்பவரின் கைகளுக்கும் ஒரு வேலை தருகிறது.

ஆகவே, அடுத்த முறை மரித்த ஒருவருக்காகப் பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கும்போது, அதோடு நின்றுவிடாமல், அந்தப் பெயருக்குரிய வீடு வரை நடந்து போவோம். அங்கே என்ன சொல்வதென்று முன்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் பேசினால் கேட்போம்; அழுதால் உடன் அமர்வோம்; ஒன்றும் பேசாவிட்டால் ஒரு பத்து மணி செபமாலை சொல்லி எழுவோம். வியாகுல மாதா சிலுவையடியில் எதுவும் பேசியதாக நற்செய்தியில் இல்லை. அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார் என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவு நம்மாலும் இயலும்.